பெரிய வேலைக்கு எத்தனை வருஷம் காத்திருக்கலாம்? ஒரு வேலூர்க் கணக்கு

காட்பாடி வட்டத்துக்குள்ளேயே இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்று விஐடி, தனியார் பொறியியல் பல்கலைக்கழகம். மற்றொன்று சேர்க்காட்டிலுள்ள அரசின் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். பைக்கில் கிளம்பினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சீக்கிரமே போய்விடலாம். ஆனால் கடைசி வருஷ மாணவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு மாநிலத்தில் இருக்கின்றனவோ என்று தோன்றும். ஒரு பக்கம் ‘எந்த கம்பெனி வருது, எத்தனை எல்பிஏ (வருஷத்துக்கு எத்தனை லட்சம்), டே ஒன்னா (வளாகத் தேர்வின் முதல் நாளா)?’ மறுபக்கம், அரசு வேலைத் தேர்வைப் பற்றி, ‘நோட்டிபிகேஷன் எப்போ, வேகன்சி எவ்வளவு, கட் ஆஃப் ஏறுமா?’

இதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. அங்கே நாடு முழுவதிலிருந்தும் வந்த வசதியான வீட்டுப் பிள்ளைகள், இங்கே அணைக்கட்டு, குடியாத்தம், போளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அதனால் ஆசையும் வேறு. பாதி உண்மைதான். ஆனால் ஆசை என்று பார்த்தால் இரு பக்கமும் ஒன்றையேதான் விரும்புகிறார்கள்: ஊரில் சொன்னால் தலை நிமிர்கிற ஒரு வேலை. வித்தியாசம் அந்த வேலைக்கான விலையை எப்போது கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. பொறியியல் கல்லூரியில் விலையை முன்னாலேயே கட்டணமாகக் கட்டிவிடுகிறார்கள். பட்டம் கைக்கு வருவதற்குள் ஆஃபர் லெட்டர் வந்துவிடும் என்பதுதான் அந்தப் பணத்துக்கான பேச்சு. அரசுக் கலைக் கல்லூரியில் படிப்புக் கட்டணம் பெயரளவுக்குத்தான். விலை பட்டம் வாங்கிய பிறகு வருகிறது, வருஷங்களாக. யார் வீட்டில் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை வைத்தே இந்த மாவட்டத்தில் ‘பெரிய வேலை’ என்ற சொல்லின் உயரம் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

பழைய வட ஆற்காட்டில் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 1989-இல் மாவட்டம் இரண்டாகி, 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி மூன்றாகிவிட்டது. ஆனால் வேலை விஷயத்தில் மக்கள் மனத்திலிருக்கும் வரைபடம் இன்னும் பழைய வட ஆற்காடுதான். அரக்கோணம், ஜோலார்பேட்டை என்றால் ரயில்வே. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்றால் தோல். குடியாத்தம் என்றால் லுங்கி, தீப்பெட்டி, பீடி. வேலூர் என்றால் சிஎம்சி மருத்துவமனை. கம்மவான்பேட்டை என்றால் ராணுவம். ‘மிலிட்டரிப் பேட்டை’ என்றே அந்த ஊருக்குப் பேர். இவற்றுக்கு மேலே வாத்தியார், குமாஸ்தா, வி.ஏ.ஓ. எல்லாவற்றுக்கும் உச்சியில் கலெக்டர். ‘நீ என்ன பெரிய கலெக்டரா?’ என்று கேட்காத வீடு இங்கே கிடையாது.

அந்தக் காலத்தில் பட்டப்படிப்பே ஒரு பதவி. ஊரிசுக் கல்லூரி 1898-இல் தொடங்கியது. அதில் படித்தவர்களில் மிகப் பெரிய பதவிக்குப் போனவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த திருத்தணி அன்றைக்கு வட ஆற்காட்டில்தான் இருந்தது. பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போய் அவர் தத்துவம் எடுத்ததற்குச் சொல்லப்படும் காரணம் சுவையானது: அந்தப் பாடத்தில் பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தன் புத்தகங்களைக் கொடுத்துவிட்டாராம். கையில் காசில்லாத பையன் கிடைத்த புத்தகத்தைப் படித்து நாட்டின் குடியரசுத் தலைவரானார். இன்றைக்குத் தத்துவம் எடுக்கிறேன் என்று ஒரு பையன் வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இப்போது பட்டம் அப்படி அரிதான பொருள் இல்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்களுக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்குமான சராசரி 28.4. கிட்டத்தட்ட இரண்டு பேருக்கு ஒருவர் கல்லூரிக்குப் போகும் இடத்தில் ‘பி.எஸ்சி படிச்சிருக்கான்’ என்பது செய்தியே இல்லை. ‘சரி, என்ன பண்றான்?’ என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அது ‘பையன் இன்னா பண்றான்?’ என்று வரும். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் இருக்க வேண்டும். ‘ஐடி’, ‘டாக்டர்’, ‘கவர்மெண்ட்’ என்றால் பேச்சு முடிந்தது. ‘ஒரு பிரைவேட் கம்பெனியில சப்ளை செயின்ல...’ என்று இழுத்தால், சம்பளம் எழுபதாயிரமாகவே இருந்தாலும், கேட்டவர் பந்தியில் இடம் பிடிக்கப் போய்விடுவார்.

இந்த ஒற்றை வார்த்தைத் தேர்வில் தோற்றுப்போனது தோல் தொழில். மாவட்டத்துக்குச் சோறு போட்ட தொழில் அது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965) போன்றவை எழுந்ததில் தோல் வணிகர்களின் பணத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அந்தக் கல்லூரிகளில் படித்து வெளியே வருகிறவர்கள் தோலைத் தொட விரும்புவதில்லை. நாற்றம், சாயக்கழிவு, பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் ‘மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் அனைவரும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஊருக்குள் அதன் இன்னொரு விளைவு, ‘தோல் ஷாப்’ என்றால் எதிர்காலம் இல்லாத இடம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஏற்றுமதி ஷூ கம்பெனிகளில் வடிவமைப்பு, தரக்கட்டுப்பாடு, வெளிநாட்டு வாடிக்கையாளர் தொடர்பு என்று பட்டதாரிக்கேற்ற வேலைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் காலையில் கிராமத்து முனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் தையல் வேலைக்கு ஏறிப் போகும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த பெண், அதே கம்பெனிக்குப் பட்டம் வாங்கிக்கொண்டு போக மாட்டாள். என்னைக் கேட்டால் அவள்மேல் தப்பு சொல்ல முடியாது.

முன்னால் கட்டும் விலை

1984-இல் 180 மாணவர்களோடு வேலூர் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டபோது, இன்ஜினியர் என்றால் ராணிப்பேட்டை பெல் போன்ற பொதுத்துறை ஆலையோ பொதுப்பணித் துறையோதான் நினைவுக்கு வரும். 2001-இல் அந்தக் கல்லூரி விஐடி என்ற பெயரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான நேரத்தில் மென்பொருள் வேலைகள் பெருகத் தொடங்கியிருந்தன. அதன் பிறகு இன்ஜினியரிங் படிப்பு ஒரு தொழிலுக்கான படிப்பு என்பதைவிட வளாகத் தேர்வுக்கான நுழைவுச் சீட்டாகவே மாறிப்போனது. சிவில் படித்தவரும் மெக்கானிக்கல் படித்தவரும் ஒரே கோடிங் டெஸ்ட்டில் உட்காருகிறார்கள். தன் துறையிலேயே வேலை தேடுகிறவரை ‘கோர் பார்ட்டி’ என்று நண்பர்கள் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்ப்பதும் உண்டு.

இந்த உலகத்தில் மதிப்பு எண்ணில் சொல்லப்படுகிறது. ஆண்டுச் சம்பளத்தை வைத்து கம்பெனிகளையே ‘டிரீம்’, ‘சூப்பர் டிரீம்’ என்று வகை பிரிக்கிறார்கள். சாதாரண ஆஃபர் ஒன்று கையில் இருந்தாலும், அதைவிட மேல் வகைக்கு இன்னொரு முறை உட்காரலாம் என்பது மாதிரியான விதிகளும் உண்டு. இருபது வயதுப் பையன் தன் கனவு எந்தத் தொகையில் ஆரம்பிக்கிறது என்பதை கல்லூரி அட்டவணையிலிருந்து தெரிந்துகொள்கிறான்.

பேனரில் போடும் அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலர் அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் சம்பளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிடிசி என்பது கம்பெனி ஓர் ஊழியருக்காகச் செலவிடும் மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப்படி ஆகியவற்றோடு கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப்., பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், வேலைத்திறனைப் பொறுத்து வரலாம் வராமலும் போகலாம் என்கிற தொகை, ஒருமுறை மட்டும் தரும் சேர்க்கை போனஸ் எல்லாம் அதற்குள்தான். பணிக்கொடை ஐந்து வருஷம் வேலை பார்த்தால்தான் பொதுவாகக் கைக்கு வரும். அதுவரை இருப்பவர் எத்தனை பேர்? நாற்பது லட்சம், ஐம்பது லட்சம் என்று வரும் பெரிய ஆஃபர்களில் கணிசமான பகுதி கம்பெனியின் பங்குகளாக இருக்கும். அவையும் மொத்தமாக வராது, பெரும்பாலும் நான்கு வருஷத்தில் தவணை தவணையாக வரும். பங்கு விலை இறங்கினால் பேனரில் இருந்த எண்ணும் இறங்கும்.

இன்னொரு முனையில், கூட்டமாக ஆள் எடுக்கும் பெரிய ஐடி கம்பெனிகளின் தொடக்கச் சம்பளம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. மாவட்டத்தின் சிறிய பொறியியல் கல்லூரிகளில் ‘பிளேஸ்மெண்ட்’ என்றால் நடைமுறையில் அதுதான். பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு வருவது இருபதாயிரத்துச் சொச்சம். அதில் பெங்களூருவில் ஒரு பி.ஜி. விடுதிக் கட்டிலுக்கே எட்டாயிரம், பத்தாயிரம் போய்விடும். மிச்சத்தில் கல்விக் கடன் தவணை. அப்பாவுக்கு ஒன்றும் அனுப்ப முடியாது. ஆனாலும் ‘ஐடி’ என்ற ஒற்றை வார்த்தை இருக்கிறதே, அது மண்டபத்தில் வேலை செய்கிறது.

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தபோது அந்த வார்த்தைக்குக் கீறல் விழுந்தது. அதற்கு முன்பே, 2022-க்குப் பிறகு, ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை இந்தப் பக்கத்துத் தெருக்களில் பார்க்க முடிந்தது. காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் அத்தனை லட்சம் கட்டினோம். அங்கேயும் காத்திருப்பு வந்துவிட்டது என்பதுதான் பெற்றோரின் கோபத்துக்கு அடிப்படை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்றானபின், முன்விலை கட்டாமலே இந்த வரிசைக்குள் வரும் புதிய கூட்டமும் உண்டு. அவர்கள் வந்த நேரம்தான் சரியில்லை.

பின்னால் கட்டும் விலை

இனி சேர்க்காட்டுப் பக்கம். 2002-இல் உருவாகிக் கொஞ்ச காலம் வேலூர்க் கோட்டைக்குள்ளேயே இயங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகம், அதன் கீழுள்ள முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்கள், மகளிர் கல்லூரிகள். இங்கே கனவுக்கு டி.என்.பி.எஸ்.சி., அதாவது மாநில அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வாணையம், என்று பெயர். குரூப் 1 என்றால் துணை ஆட்சியர், டி.எஸ்.பி.; அது சிலருக்கு. குரூப் 2 கொஞ்சம் பேருக்கு. இளநிலை உதவியாளர், வி.ஏ.ஓ. போன்ற வேலைகளுக்கான குரூப் 4 எல்லோருக்கும்.

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எழுதுகிறவர்களில் பி.இ., எம்.எஸ்சி., எம்.ஃபில். வரை உண்டு. 2022-இல் 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2025-இல் 3,935 இடங்கள், ஏறக்குறைய 13.9 லட்சம் விண்ணப்பங்கள். 200 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 300. அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மிச்சத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பாடநூல் என்று தனியாக ஒன்றும் இல்லை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையுள்ள பள்ளிப் புத்தகங்கள்தான் வேதம். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலை அடிக்கோடிட்டுப் படிப்பது இதனால்தான்.

மாவட்ட மைய நூலகத்திலும், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்திலும் இவர்களைப் பார்க்கலாம். மேஜைமேல் ஓரம் நைந்துபோன சமச்சீர்ப் புத்தகம், நான்கு நிற மை கொண்ட ஒரு பேனா, டிபன் பாக்ஸ், சார்ஜரோடு ஒரு போன். அணைக்கட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன், கணிதம் படித்தவன், தன் கதையை இரண்டு வார்த்தையில் சொன்னான்: “ரெண்டே கேள்வி, சார்.” போன தேர்வில் இரண்டு கேள்வியில் வாய்ப்புப் போனது. இரண்டு கேள்வி என்றால் மூன்று மதிப்பெண். அந்த மூன்று மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். ஓவரால் ரேங்க், கம்யூனல் ரேங்க், தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை என்று ஒவ்வொரு கணக்காகப் போட்டுத் தன் இடத்தைக் கண்டுபிடிக்க அவனுக்குத் தெரியும். உண்மையில் அந்தக் கணக்கில் அவன் காட்டிய தெளிவைப் பார்த்தால், ஒரு வங்கியில் உட்காரவைத்தால் நன்றாகச் செய்வான் என்றுதான் தோன்றியது.

இந்த ‘இரண்டு கேள்வி’தான் ஆளை விடாமல் பிடித்துவைக்கிறது. ஐம்பது கேள்வியில் தோற்றவன் அடுத்த நாளே வேறு வேலை பார்த்துக்கொள்வான். இரண்டு கேள்வியில் தோற்றவனால் எழுந்து போக முடியாது. அடுத்த நோட்டிபிகேஷனுக்கு நிற்பான். இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் வருகிறவர்களுக்குக் கூடுதல் கல்வித் தகுதி இருந்தால் பல பதவிகளுக்கு வயது உச்சவரம்பும் கிடையாது என்பதால், நிறுத்து என்று சொல்ல விதியும் இல்லை. சமூக நீதிக்காகச் சரியாகவே வைத்த விதி அது. ஆனால் அதன் நிழலில் முப்பத்தைந்து வயதுவரை ‘படிச்சிக்கிட்டு இருக்கேன்’ என்று சொல்லும் ஒரு தலைமுறை இருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது அந்த வேலையில்? சம்பளத்தைப் பார்ப்போம். இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 30,810. அதன்மேல் வீட்டு வாடகைப்படி. மூன்றரை லட்சத்து ஐடி வேலையைவிட இது கையில் கூடுதல், அதோடு குடியாத்தத்திலேயே அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போய்வரலாம். ஓய்வூதியம் பழையபடி இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய திட்டம் பொருந்தாது. அப்படியும் ‘கோழி மேய்ச்சாலும் கவர்மெண்டுல மேய்க்கணும்’ என்பது குறையவில்லை. ஏன் என்றால், கிராமத்தில் அதிகாரம் என்பது தூரத்து விஷயம் கிடையாது. பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் யார் முன்னால் அப்பா கைகட்டி நின்றாரோ அந்த நாற்காலி அது. சாதியும் நிலமும் மரியாதையைத் தீர்மானிக்கும் ஊரில், காலனியிலிருந்து போன பெண் வி.ஏ.ஓ.வாக வந்து உட்காரும்போது நடப்பதைச் சம்பளப் பட்டியலில் தேட முடியாது. இதை ‘அரசு வேலை மோகம்’ என்று கேலி செய்து எழுதுகிறவர்கள் யாருடைய அப்பாவும் அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்.

இதே வரிசையின் மேல்தளம் யு.பி.எஸ்.சி. 2024 குடிமைப் பணித் தேர்வுக்கு 9.9 லட்சம் பேர் விண்ணப்பித்து, 1,009 பேர் தேர்வானார்கள். பொதுப் பிரிவினருக்கு 6 முயற்சி, பிற்படுத்தப்பட்டோருக்கு 9, பட்டியல் பிரிவினருக்கு 37 வயதுவரை எத்தனை முறையும். விதி அத்தனை முறை தருகிறது, வீடு தருமா என்பது வேறு. நான் முதல்வன் திட்டத்தில் முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள், முதன்மைத் தேர்வுக்குப் போனால் 25,000 ரூபாய். அரசின் திட்டங்களில் காத்திருப்புக்கு நேரடியாகக் காசு கொடுக்கும் ஒருசிலவற்றில் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவை பெரும்பாலும் படிப்புக்கும் பயிற்சிக்கும் கொடுப்பவை. குரூப் 4 எழுதுகிறவர்களுக்கும் இப்படித் தர முடியுமா என்று கேட்டால், லட்சக்கணக்கில் இருக்கும் அந்தக் கூட்டத்துக்கு எந்தக் கஜானாவும் தாங்காது.

மருத்துவத்தில் இரண்டு விலையும் உண்டு. சிஎம்சியின் கதை வேலூரில் எல்லோருக்கும் தெரியும்: 1900-இல் ஐடா ஸ்கடரின் ஒற்றைப் படுக்கை மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1942-இல் எம்.பி.பி.எஸ்., 1947 முதல் ஆண்களுக்கும் இடம். படித்து முடித்தால் மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு வருஷம் சேவை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு குறைந்த கட்டணத்தில் டாக்டராக்கிய இடம். நீட் கட்டாயமாக்கப்பட்டதை ஒட்டிய சர்ச்சையில் 2017-இல் 100 இடங்களில் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்தது. வழக்கு 2020-இல் நீட்டுக்குச் சாதகமாக முடிந்தது. இன்றைக்கு டாக்டர் கனவு என்பது பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு, மூன்று வருஷம் ‘ரிப்பீட்டர்’ வகுப்பு. எம்.பி.பி.எஸ். முடித்தபின் மேற்படிப்புக்கு மறுபடியும் அதே கதை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் 2020-இல் வந்த பிறகுதான் அந்த வரிசையில் அணைக்கட்டும் ஒடுகத்தூரும் நிற்க ஆரம்பித்தன. நர்சிங் இதற்கு நேர்மாறு. நான்கு வருஷம், உடனே வேலை, இரண்டு மூன்று வருஷ அனுபவத்துக்குப் பிறகு வெளிநாடு. ஜெர்மனி போவதற்காக பி2 நிலைவரை மொழி கற்கும் நர்ஸுகளை இப்போது வேலூரில் சாதாரணமாகப் பார்க்கலாம். டாக்டர் சீட் கிடைக்காதவர்களின் படிப்பு என்று ஒரு காலத்தில் பார்த்தார்கள். ஐரோப்பாவிலிருந்து மாதாமாதம் பணம் வரத் தொடங்கியதும் பேச்சு மாறிவிட்டது.

பெண்களுக்குக் கடிகாரம் வேறு

ஆக்ஸீலியம் கல்லூரி 1954-இல் காட்பாடியில் வந்தது. டி.கே.எம். மகளிர் கல்லூரி, திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் மற்ற கல்லூரிகள் என்று எங்கே பார்த்தாலும் வகுப்பறையில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் ஓரளவு தாங்குகிறது. ஆனால் பட்டம் முடித்த பையனுக்கு வீடு தரும் ஐந்து வருஷம் பெண்ணுக்கு இல்லை. ‘நல்ல இடம் வந்தா முடிச்சிடலாம்’ என்கிற பேச்சு மூன்றாம் செமஸ்டரிலேயே ஆரம்பிக்கும்.

இங்கேதான் பி.எட். வருகிறது. 2015 முதல் அது இரண்டு வருஷப் படிப்பு. டீச்சராக வேண்டும் என்ற ஆசையால் சேர்கிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பலருக்கு அது கல்யாணத்தைத் தள்ளிப்போட வீடு ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம். ‘பி.எட். படிக்கிறா’ என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அந்த இரண்டு வருஷத்துக்குள் குரூப் 4, டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு, வங்கித் தேர்வு என்று எதையாவது பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் கல்யாணச் சந்தையில் நிலைமை தலைகீழ்: கவர்மெண்ட் வேலையில் இருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நிற்பார்கள். பிடிக்காவிட்டால் பக்கத்து மெட்ரிக் பள்ளியில் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு டீச்சர் வேலை, பிறகு கல்யாணம், குழந்தை. குழந்தை தூங்கும் நேரத்தில் யூடியூபில் டி.என்.பி.எஸ்.சி. வகுப்பு பார்க்கும் அம்மாக்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஐடி ஆஃபர் வந்தும் பெங்களூருவுக்குத் தனியாக அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் நிறுத்திய பெண்களும் இந்தக் கூட்டத்தில் வந்து சேருகிறார்கள். மேல்மொணவூரில் வந்திருக்கும் மினி டைடல் பூங்கா மாதிரியான இடங்களால் யாருக்காவது உடனடிப் பலன் உண்டென்றால் அது இவர்களுக்குத்தான். ஊரிலேயே ஐடி என்றால் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

காத்திருக்கவே முடியாத வீடுகளுக்கு முன்பு ராணுவம் இருந்தது. பதினெட்டு வயதில் ஓட்டப் பந்தயம், உடல் தகுதி, எழுத்துத் தேர்வு. பதினைந்து வருஷம் பணி முடித்தால் முப்பத்தைந்துக்குள் ஓய்வூதியத்தோடு வீடு. குறைந்த காத்திருப்பு, அதிகப் பாதுகாப்பு, போதாக்குறைக்குச் சீருடை மரியாதை. கம்மவான்பேட்டை மாதிரியான ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பையன்களை அனுப்பியதில் தேசபக்தியோடு இந்தக் கணக்கும் சேர்ந்துதான் இருந்தது. 2022 ஜூனில் ராணுவத்துக்கு ஆள் எடுக்க அக்னிபாத் திட்டம் வந்தது. நான்கு வருஷம், அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் மட்டும் தொடரலாம், மற்றவர்கள் சுமார் 11.7 லட்சம் ரூபாயோடு வெளியே. ஓய்வூதியம் இல்லை. கிராமத்தில் இதன் பொருள் எளிமையானது: இருபத்து இரண்டு வயதில் திரும்பி வரும் பையன் மறுபடியும் குரூப் 4 வரிசையின் கடைசியில் நிற்பான். முன்பு காவல்துறைத் தேர்வை இரண்டாம் பட்சமாக வைத்திருந்தவர்கள் அதை முதலாவதாக மாற்றிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் மாவட்டத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் வருகின்றன. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சிப்காட், அரக்கோணத்து எம்.ஆர்.எஃப்., சோளிங்கர்ப் பக்கத்து பிரேக் ஆலை என்று ஏற்கெனவே இருப்பவை வேறு. கல்லூரிகளில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்களில் இப்படிப்பட்ட கம்பெனிகளின் ஆட்கள் மேஜை போட்டு உட்காருகிறார்கள். தொழிற்கூடத்துக்கு அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஐடிஐ, டிப்ளமோ. பட்டதாரிக்கும் அலுவலகப் பக்கம், தரக்கட்டுப்பாடு, பொருள் இருப்பு என்று சில இடங்கள் உண்டு. ஐந்து வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வியில் தோற்றவன் ஒருநாள் மனம் மாறி அந்த மேஜை முன் போய் நிற்கும்போது, பயோடேட்டாவில் அவர்கள் முதலில் பார்க்கும் இடம் மதிப்பெண் கிடையாது. ‘பாஸ் அவுட் இயர்?’ என்று கேட்பார்கள். கடந்த இரண்டு, மூன்று வருஷத்துக்குள் முடித்தவர்களை மட்டுமே பயிற்சியாளராக எடுக்கும் கம்பெனிகள் அதிகம். அரசுத் தேர்வில் அவன் வயதைத் தடையாகப் பார்க்காத விதி அவனுக்குச் சாதகமாக இருந்தது; இங்கே அதே வருஷங்கள் கேள்விக்குறியாகின்றன. அந்த ஐந்து வருஷத்தில் அவன் படித்த இந்திய அரசியலமைப்பு, தமிழ் இலக்கணம், திறனறிவுக் கணக்கு எதற்கும் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அவனை உடனே சேர்த்துக்கொள்ளும் இடங்கள் மூன்று: மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல், உணவு டெலிவரி, இன்னொரு டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டர். மூன்றாவதில்தான் அவனுக்கு ‘சார்’ என்ற பட்டம் கிடைக்கிறது. அங்கே நன்றாகப் பாடம் எடுக்கும் வாத்தியார்களில் பாதிப் பேர் இப்படி ஒன்றிரண்டு கேள்வியில் தவறவிட்டவர்கள்தான், அவர்களில் பலர் இன்னும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.